முத்துநகருக்குத் தனியாகப் போறீங்களா? இரண்டு நாள், ஒரு கைபேசி, ஒரு துண்டுக் காகிதம்

“தனியாவா? கூட யாரும் வரலையா?”

பையைக் கட்டிக் கதவருகே வைத்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மீது தப்பில்லை. நமக்கு ஒன்று ஆகிவிட்டால் தகவல் சொல்ல ஆள் இருக்காதே என்ற பயம்தான் அந்தக் கேள்வியாக வருகிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினால், தனிப் பயணம் போல நிம்மதியான ஒன்று வேறில்லை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு முதன்முறையாகத் தூத்துக்குடிக்குத் தனியாகப் போனேன். முதல் நாள் மாலை கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டே இருந்ததில் கைபேசி அணைந்துவிட்டது. விடுதி முகவரி அதற்குள். திரும்பும் ரயில் சீட்டு அதற்குள். பணமும் அதற்குள்தான். பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு போன் இரவல் வாங்கினேன். அம்மாவின் எண்ணை அழுத்தப் போனால் எட்டு இலக்கத்துக்கு மேல் ஞாபகம் வரவில்லை! அன்று காலைதான் அந்த மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கை வந்திருந்தது. “உக்காரும்மா, சார்ஜ் ஏறட்டும்” என்று கடை அண்ணாச்சி ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். கைபேசி உயிர் பெற்றபோது, வீட்டிலிருந்து வந்த பதினேழு அழைப்புகள் அதில் வரிசையாக நின்றன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் இருந்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? இந்தக் கட்டுரை அந்த ஒன்றரை மணி நேரத்திலிருந்து வந்ததுதான். ஊரையும் பார்ப்போம், பார்க்கும்போது செய்ய வேண்டியதையும் கற்றுக்கொள்வோம்.

கிளம்பும் முன்: வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

*எப்போது போவது?* ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயில் தாங்கும், உப்பளங்களிலும் வேலை தொடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் நின்றுபோனார்கள். மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. வானிலையைப் பார்க்காமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

*எப்படிப் போவது?* சென்னை எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி மறுநாள் காலை தூத்துக்குடியில் இறக்கிவிடும். ரயில் நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருப்பது தனியாக வருபவருக்குப் பெரிய வசதி. முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். தட்கல் சீட்டை இணையத்தில் எடுக்க, உங்கள் ஐஆர்சிடிசி கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் பதறாமல் இதை முன்பே முடித்துவிடுங்கள்.

*கைபேசியில் என்னென்ன இருக்க வேண்டும்?*

- காவல் உதவி: தமிழ்நாடு காவல்துறையின் செயலி. ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். பதிவிறக்கினால் மட்டும் போதாது. உங்கள் எண்ணைப் பதிவு செய்து, இருப்பிட அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.
- டிஎன் அலர்ட்: வானிலை எச்சரிக்கைகளைத் தமிழிலேயே தரும் அரசுச் செயலி.
- டிஜிலாக்கர்: ஆதார், ஓட்டுநர் உரிமம். ரயிலில் அடையாளச் சான்றாக இவற்றைக் காட்டலாம்.
- மறைக்கப்பட்ட ஆதார்: கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் இது. ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். விடுதியில் நகல் கேட்டால் இதைக் கொடுங்கள். முழு ஆதாரை முன்பின் தெரியாத வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பாதீங்க.
- ஊர் வரைபடம்: சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கி வையுங்கள்.

*கடைசியாக, அந்தத் துண்டுக் காகிதம்.* வீட்டு எண்கள் இரண்டு, விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ரயில் எண், பிஎன்ஆர் எண், உங்கள் ரத்தப் பிரிவு, தினமும் சாப்பிடும் மருந்து. எல்லாவற்றையும் கையால் எழுதி, ₹500-ஐ அதோடு மடித்து, பையில் வைக்காமல் உடுப்பில் வையுங்கள். எந்தச் செயலியையும் விட இது முக்கியம் என்பது என் அனுபவம்.

முதல் நாள்: கடலை ஒட்டி ஒரு நடை

காலையில் இறங்கி, பையை விடுதியில் போட்டுவிட்டு, பீச் ரோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்குங்கள். தூத்துக்குடி மன்னார் வளைகுடாவைப் பார்த்துக் கிழக்கு முகமாக உட்கார்ந்திருக்கும் ஊர். சூரியன் கடலிலிருந்துதான் எழும்.

முதலில் பனிமய மாதா பேராலயம். இப்போதுள்ள ஆலயம் 1713-இல் கட்டப்பட்டது. 1982-இல் இது பசிலிக்கா தகுதி பெற்றது. ஜூலை 26 அன்று கொடியேறி, ஆகஸ்ட் 5 அன்று திருவிழா நடக்கும். சாதி, மதம் பார்க்காமல் ஊரே கூடும் நாள் அது. 1806-இல் முதன்முதலாக ஓடிய பொன்தேர், சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வெளியே வரும். திருவிழா நேரத்தில் விடுதி கிடைப்பது கஷ்டம். கூட்டத்தில் கைபேசியும் பர்சும் பத்திரம்.

அங்கிருந்து பழைய துறைமுகப் பக்கம் போனால் தோணிகளைப் பார்க்கலாம். மரத்தால் கட்டிய பெரிய சரக்குக் கலங்கள். காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய்வருபவை. கன்டெய்னர் காலத்திலும் தோணி ஓடுகிறது என்பதே ஒரு பாடம். தெரியாத கலத்தில் அனுமதியில்லாமல் ஏறக் கூடாது. சரக்கு ஏறும் இடத்தில் குறுக்கே நிற்கவும் கூடாது.

இந்தக் கடலைப் பார்க்கும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. வ.உ.சிதம்பரனார். ஆங்கிலேயர் கையில் இருந்த தூத்துக்குடி–கொழும்பு கப்பல் வழியில் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய் நெருக்கியது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் தோள் கொடுத்தார்; மார்ச் மாதம் கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1936 நவம்பர் 18 அன்று இதே தூத்துக்குடியில் காலமானார். இன்று இங்குள்ள பெருந்துறைமுகம் அவர் பெயரில் இருக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அதற்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் பெருந்துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. படம் எடுக்கவும் டிரோன் பறக்கவிடவும் கட்டுப்பாடு உண்டு. “ஒரு ரீல்ஸ்தானே” என்று காவலரிடம் வாதாடினால் பாதி நாள் விசாரணையிலேயே போகும். அந்தப் பக்கம் உள்ள முயல் தீவுக்குப் போக நினைத்தால், அன்றைக்கு அனுமதி உண்டா என்று விடுதியிலோ ஆட்டோ நிறுத்தத்திலோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மாலையில் ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. குடும்பங்கள் வந்து உட்காரும் இடம் என்பதால் தனியாக இருப்பவருக்கும் கூச்சமிருக்காது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் 20 விழுக்காடு சார்ஜ் இருக்கும்போதே படம் எடுப்பதை நிறுத்துங்கள். இது நான் காசு கொடுக்காமல் கற்ற பாடம்!

இரவுச் சாப்பாடு? இந்த ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: புரோட்டா, சால்னா. மாலை ஆனதும் கல்லில் தட்டும் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். கூட்டம் உள்ள கடையாகப் பார்த்து உட்காருங்கள். தனியாக வந்தவரை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள், “இன்னொண்ணு வைக்கவா?” என்றுதான் கேட்பார்கள்.

கூண்டு எண் படிக்கத் தெரியுமா?

“தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.” செய்தியில் இதை நூறு முறை கேட்டிருப்போம். அதற்கு என்ன அர்த்தம்? துறைமுக ஊருக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளாலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் இந்தக் குறி காட்டப்படும்.

- 1: தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது. துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பில்லை.
- 2: தொலைவில் புயல் உருவாகியுள்ளது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கு எச்சரிக்கை.
- 3: துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்று வீசும் வாய்ப்பு.
- 4: புயலால் துறைமுகத்துக்கு அச்சுறுத்தல் உண்டு, ஆனால் நிலைமை இன்னும் பேராபத்து அளவுக்குப் போகவில்லை.
- 5, 6, 7: ஆபத்து. புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகவோ, மிக அருகிலோ, நேராகவோ கரையைக் கடக்கலாம்.
- 8, 9, 10: பெரும் ஆபத்து. கடுமையான புயல் அதே போலக் கடக்கலாம்.
- 11: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

எண்ணைப் பயணத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது? 1, 2 என்றால் பதற வேண்டாம். ஆனால் அடுத்த நாள் திட்டத்தை மறுபடி பாருங்கள். 3 வந்துவிட்டால் கடற்கரைப் பக்கமே வேண்டாம். அதற்கு மேலே போனால், திரும்பும் ரயிலை முன்கூட்டியே மாற்றுங்கள், அல்லது விடுதியை விட்டு நகராதீர்கள்.

இன்னொன்றும் உண்டு: கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த பேரலை நாள் கணக்கில் பயணம் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். பேரே ‘கள்ள’க்கடல். இதற்குக் கூண்டு ஏறாது. தேசியப் பெருங்கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை வெளியிடும். 2024 மே மாதம் குமரிக் கடற்கரையில் அலை இழுத்து ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். தூத்துக்குடிக் கரையில் அலை பெரும்பாலும் சாதுவாகத் தெரியும், எதிரே தீவுகள் தடுத்து நிற்பதால். அதை நம்பித் தனியாகக் கடலில் இறங்காதீங்க. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

இரண்டாம் நாள்: மீன், உப்பு, மக்ரூன்

விடியும்போதே எழுந்துவிடுங்கள். திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகுகள் வந்து சேரும். ஏலக் குரல் கேட்கும். அங்கே வேலை நடக்கிறது, வேடிக்கை அல்ல. ஓரமாக நின்று பாருங்கள். “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் மீன் பேரும் சேர்த்துச் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. அப்போது போனால் மீன் வரத்து குறைவாகவும் விலை கூடவும் இருக்கும்.

அடுத்து உப்பளம். ஊரை விட்டு வெளியே போகும் சாலையோரமெல்லாம் வெள்ளைக் குவியல்கள். நிலத்தடியிலிருந்து இறைத்த உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பைப் படியவைக்கிறார்கள். கேட்க எளிமை. நேரில் நின்றால், கண்ணைக் கூசும் அந்த வெள்ளையில் பத்து நிமிடம் நிற்க முடியாது. அதில் நாள் முழுக்க நின்று உப்பு வாருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் பலர். மழை வந்தால் வேலை இல்லை. அதனால்தான் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையில்லாக் காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ₹5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தை அரசு நடத்துகிறது. பாத்தி வரப்பில் செருப்போடு நடக்காதீர்கள். அனுமதி கேட்காமல் உள்ளே போகாதீர்கள். அது ஒருவருடைய பிழைப்பு.

நேரம் மிச்சம் இருந்தால் ஒரே ஒரு வெளியூரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பேருந்து ஜன்னலை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

- வரலாறு பிடிக்கும் என்றால்: வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் நினைவுக் கோட்டை.
- இன்னும் பழையது வேண்டுமென்றால்: ஆதிச்சநல்லூர். தோண்டிய இடத்திலேயே தாழிகளைக் காணும்படி அமைத்த அருங்காட்சியகம் உண்டு.
- கோயில், கடல் இரண்டும் வேண்டுமென்றால்: சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு: மகளிர் விடியல் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். புறநகர், விரைவுப் பேருந்துகளுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது, வாங்கக் கூடாதது

வாங்க வேண்டியது மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மூன்றே பொருள், மைதா கிடையாது. வாயில் போட்டதும் கரைந்துவிடும். பையில் அழுத்தினாலும் நொறுங்கிவிடும். எனவே அட்டைப்பெட்டியில் கேட்டு வாங்கி, கையிலேயே கொண்டு வாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் உடன்குடிக் கருப்பட்டியும் இதே மாவட்டத்துச் சொத்துதான்.

‘முத்துநகர்’ என்ற பெயரைக் கேட்டு முத்து வாங்க ஆசை வரும். கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து பேர் பெற்ற இந்தக் கடலில் முத்துக்குளித்தல் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆகவே தெருவோரத்தில் “கடல்ல எடுத்த ஒரிஜினல் முத்து” என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வாங்கவே கூடாதவை: பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை. இவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. எதிரே கடலில் தெரிவது 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதி. “தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று தனிப்படகுக்காரர் யாரேனும் அழைத்தால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள்.

ஏதாவது ஆயிட்டா?

*ஆபத்து:* 112. காவல், தீயணைப்பு, மருத்துவம் எதற்கும் இந்த ஒரே எண். ஆம்புலன்ஸுக்கு 108.

*பெண்களுக்கு உதவி:* 181.

*ரயிலில் பிரச்சினை:* 139.

*கடலில் யாரேனும் தத்தளித்தால்:* நீங்கள் குதிக்காதீர்கள். கத்திக் கரையிலுள்ள மீனவர்களைக் கூப்பிடுங்கள். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும எண்ணை அழையுங்கள்.

*வெள்ளம், புயல்:* மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

*பணம் மோசடி:* 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் வர வேண்டும் என்றால் பின் எண் போடத் தேவையே இல்லை, இதை மறக்காதீங்க.

*கைபேசி தொலைந்தால்:* முதலில் சிம்மை முடக்குங்கள். பிறகு காவல் நிலையத்திலோ இணையத்திலோ புகார் அளியுங்கள். அந்தப் புகாரை வைத்து ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் கைபேசியையே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். இப்போதே *#06# அழுத்தி அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு சுயபரிசோதனை

1. வீட்டு எண் ஒன்றாவது மனப்பாடமாகத் தெரியுமா? பார்க்காமல் சொல்லுங்கள்.
2. காவல் உதவி செயலியில் பதிவு முடிந்ததா?
3. துறைமுகத்தில் இன்று கூண்டு ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் எண் என்ன?
4. வீட்டில் யாரிடம், எத்தனை மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்?

நான்காவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிது. “எப்பவாவது போன் பண்றேன்” என்று சொல்லாதீங்க. “காலை எட்டு, இரவு ஒன்பது” என்று நேரம் சொல்லுங்கள். இரண்டு வேளையும் அந்த நேரத்தில் பேசிவிட்டால், நடுவில் உள்ள நேரம் முழுக்க உங்களுடையது. அவர்களும் பதற மாட்டார்கள், நீங்களும் கடலைப் பார்க்கும்போது கைபேசியைப் பார்க்க மாட்டீர்கள்.

இந்த ஆண்டும் தூத்துக்குடிக்குப் போய்வந்தேன். அதே தேநீர்க் கடை, அதே ஸ்டூல். அம்மாவின் எண் பத்து இலக்கமும் மனப்பாடம். அண்ணாச்சியிடமே போன் வாங்கி, காகிதத்தைப் பார்க்காமல் அழுத்தினேன். “யாரு நம்பர்டி இது?” என்றார் அம்மா. “கடைக்காரர் நம்பர்மா. சும்மா, ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன்” என்றேன்.

பத்திரமாகப் போயிட்டு வாங்க. வரும்போது மக்ரூனை அழுத்தாமல் கொண்டு வாங்க.